பட்டியலில் இல்லாத இரண்டாம் தேதி

டிசம்பர் முப்பத்தொன்று, வியாழக்கிழமை, மாலை நாலே கால் மணி. காலையிலிருந்து மேகம் கட்டியிருந்தும் ஒரு தூறல் விழவில்லை. சர்க்கரை ஆலை மாடியில் நின்றால் கல்வராயன் மலை இருக்கும் திசையே தெரியவில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான மறு ஆண்டு அது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜனவரி இரண்டாம் தேதி சாலை மறியல் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் கரும்புப் பிரிவில் உட்கார்ந்திருந்த நான், அன்று மூன்றாம் முறையாகக் கம்ப்யூட்டர் மேடத்தின் அறைக்குப் போனேன்.

அவர் பேனா டப்பாவில் வறுத்த மல்லாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, வைத்திருப்பார். என்னைப் பார்த்ததும் டப்பாவை என் பக்கம் தள்ளுவார். என் வாய்க்கு வேலை கொடுத்தால் கேள்வி குறையும் என்பது அவர் கணக்கு. குறைந்ததில்லை.

அந்தப் பருவத்தில்தான் வெட்டு உத்தரவு விவசாயிகளின் கைபேசிக்குத் தானாகப் போகத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் வெட்டு, மறுநாள் டிராக்டரில் ஏற்றுவது. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குச் செய்தி. இதைக் கணினிக்குச் சொல்ல ‘க்ரான்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள். தேதிக்குரிய இடத்தில் ‘இரண்டுக்கு ஒன்று’. டிசம்பர் ஒன்றில் தொடங்கி மாதம் முழுக்கப் பிசகவில்லை. முப்பத்தொன்றில் வெட்டு, ஒன்றில் ஏற்றம். இரண்டாம் தேதிச் செய்தியை மட்டும் நிறுத்திவிட்டால் மறியலன்று தரையில் ஒரு கழிகூடக் கிடக்காது. வெட்டிப் போட்ட கரும்பு வெயிலில் கிடந்தால் எடையும் போகும், சாறும் போகும். செய்தி போகும் பட்டியலில் முதல் பெயரே வடக்கனந்தலில் இருக்கும் என் அக்காவுடையது. கடன் வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர். பாதி அன்று காலைதான் வெட்டப்பட்டிருந்தது.

“ரெண்டாந்தேதியை நிறுத்திட்டீங்களா மேடம்?”

“இன்னா சார், இப்பத்தானே கேட்டுட்டுப் போனீங்க.”

இனிமேல் எந்தெந்தத் தேதியில் செய்தி போகும் என்று கணினியையே எழுதிக் காட்டச் சொன்னேன். அலுத்துக்கொண்டுதான் ஏதோ தட்டினார். திரையில் தேதிகள் வந்தன: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. நிறுத்துவதற்கு இரண்டு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை.

அவர் கை டப்பாவுக்குள் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “மாசம் பொறந்தா அது மறுபடியும் ஒண்ணுலருந்து ஆரம்பிக்குது சார். நேத்து இன்னா பண்ணோம்னு அதுக்கு ஞாபகமே கெடையாது.”

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். கணினியும் எண்ணுகிறது என்று நம்பியிருந்தேன். அது வெறுமனே நாட்காட்டியைத்தான் பார்க்கிறது. மாதத்துக்கு முப்பது நாளாக இருந்திருந்தால் இந்தக் குட்டு வெளிப்பட்டே இருக்காது. விடிந்தால் அக்காவின் மிச்சப் பாதியும் தரைக்கு வந்திருக்கும். ஏற்ற வேண்டிய நாளில் சாலை மூடியிருக்கும்.

மேடம் அந்த வரியை அழித்தார். தினமும் நாலு மணிக்கு எழ வேண்டும், எழுந்ததும் கடைசி உத்தரவு போய் எத்தனை நாளாயிற்று என்று பார்க்க வேண்டும், இரண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தால்தான் செய்தி அனுப்ப வேண்டும் என்று மாற்றி எழுதினார். மறியல் நாளைத் தனியாக விலக்கினார். பிறகு நான் கேட்காமலே வரப்போகும் தேதிகளை வரவழைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். அதற்குப் பின் எந்த வரி எழுதினாலும் அப்படித்தான் செய்தார். என் நச்சரிப்புக்கு உலகத்தில் ஓர் உபயோகம் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது அந்த வருஷம்தான்.

இரண்டாம் தேதி மறியல் நடந்தது. அக்காவின் மிச்சக் கரும்பு வேரோடு நின்றது. கரியாலூரிலிருந்து வெட்ட வந்திருந்த ஆட்கள் மட்டும் வேலையில்லாமல் அவள் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போனில் கூப்பிட்டாள்.

“நிறுத்தனது நீதானே தம்பி? ஆளுங்க சும்மா குந்திகினு இருக்காங்க. சோறு நான் போடறேன், கொழம்புக்கு நீ குடு.”

நாட்டுக்கோழி மூன்று, மசாலா, எண்ணெய்: ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.