முப்பத்திரண்டும் ஒத்துப்போச்சு

மறந்துபோன பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துத் தருவதுதான் கம்ப்யூட்டர்காரன் வேலை என்று நம்புகிற ஊரில் சாப்ட்வேர் எழுதிப் பிழைத்தவர்களே, உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும்.

2005 வாக்கில், அரியலூரில் தங்கராசு சார் நடத்திய திருமணத் தகவல் மையத்துக்கு பி.எச்.பி.யில் ஒரு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். சரிபார்க்கிறேன் என்று பெரம்பலூரிலிருந்து வாராவாரம் பஸ் ஏறிவிடுவேன். சரிபார்க்க ஒன்றும் இல்லை. அங்கே ஜாதகம் பதிகிற உடையார்பாளையம் கயல்விழியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அரிசியும் மாவும்

தங்கராசு சார் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். நான் யாருடைய பாஸ்வேர்டையும் அப்படியே சேமிப்பதில்லை. எம்.டி.5 என்கிற ஃபங்ஷனில் போட்டால் முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு குப்பை வரும், அதைத்தான் சேமிப்பேன். அதிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது. “மாவுலேர்ந்து அரிசிய எடுக்க முடியுமா சார்?” என்று கேட்டேன்.

மனுஷன் அசரவில்லை. “அரைச்சவன் நீதானப்பா. என்ன அரிசின்னு உனக்குத் தெரியாதா?”

ஒரு எழுத்து

புது பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தேன். மறுநாளே போன். முதல் எழுத்தை கேபிடலில் வைத்துவிட்டு, சின்ன எழுத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு எழுத்து மாறினாலும் வருகிற முப்பத்திரண்டும் வேறாகிவிடும், அச்சு அசலாக அதே பாஸ்வேர்டு என்றால்தான் அதே முப்பத்திரண்டு வரும் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

“நாலு பொருத்தம் கொறைஞ்ச ஜாதகத்தையே பேசி முடிச்சு வெச்சவன் தம்பி நான். உன் மெஷினு ஒத்த எழுத்துக்கு இம்புட்டு கிராக்கி பண்ணுது!”

ரெண்டு வரி

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னார் சார். மாற்றினோம். அடுத்த வாரம் பாஸ்வேர்டுகளைச் சேமித்த டேபிளைத் திறந்து பார்த்தால், என் வரியும் கயல்விழி வரியும் ஒன்று! முப்பத்திரண்டு எழுத்தும் ஒன்று! பாஸ்வேர்டோடு ஆளுக்கு ஆள் வேறு எழுத்துகளைக் கலந்து அரைத்திருந்தால் இப்படித் தெரிந்திருக்காது. அது என் தப்பு. அந்த நேரத்தில் அதை யார் நினைத்தார்கள்? மனசுக்குள் கெட்டிமேளமே கொட்டிவிட்டது. உலகத்தில் இத்தனை வார்த்தை இருக்க, ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை தோன்றுகிறது என்றால் சும்மாவா?

சார் சாப்பிடப் போயிருந்தார். “நீங்க வெச்ச பாஸ்வேர்டத்தாங்க நானும் வெச்சிருக்கேன்” என்று கயல்விழியிடம் சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார். “நெட்டக்கருப்பு. திருமழபாடி பக்கம், எங்க குலதெய்வம்” என்று நான் சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை. அப்படிப்பட்ட ஜோடியைக் காட்டவே கூடாது என்று அந்த சாப்ட்வேரில் எழுதியவனே நான்தான்.

கயல்விழிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அட, எங்களுக்கும் அவருதாங்க சாமி! அப்ப நீங்க பங்காளி வூடா? இத்தன நாளா சொல்லவே இல்லையேண்ணே!”

ஒரு ரகசியத்தையும் வெளியே விடாது என்று நான் ஊரெல்லாம் சத்தியம் பண்ணி விற்ற எம்.டி.5, தன் ஆயுசில் ஒரே ஒரு ரகசியத்தை வெளியே விட்டது, அதுவும் என் கல்யாணத்தைக் கெடுப்பதற்கு.