நனையாமல் வந்தவன்

என் மோட்டார் சைக்கிளுக்கு நான் செய்து மாட்டிய தடுப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொட்டுகிற மழையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டிகூட நனையவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். வண்டிக்கு ஏறக்குறைய என் வயது. ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. புதுச்சேரியில் ஒருவரிடம் நடையாய் நடந்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு வண்டியோடுதான் குடித்தனம் என்று மனைவி சொல்வாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைதான் எல்லாவற்றுக்கும் காரணம். தூரப் பயணம் போகிறவர்கள் காற்றும் மழையும் மேலே அடிக்காமல் இருக்க வண்டியின் முன்பக்கம் மாட்டிக்கொள்ளும் மறைப்பு ஒன்றின் படம் அதில் இருந்தது. வேண்டாத நாளில் கழற்றி வைத்துவிடலாமாம். ஃபேரிங் என்று போட்டிருந்தது. படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. நான் போகும் அதிகபட்ச தூரமே திண்டிவனம்தான் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

பஸ்களுக்கு டிங்கர் வேலை செய்யும் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பத்திரிகையைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, தடுப்புதானே, செய்துவிடலாம் என்றார். அந்தப் பேர்தான் கடைசிவரை நிலைத்தது. அலுமினியத் தகட்டை வளைத்து, மேலே கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக்கை வைத்து, ஹெட்லைட்டுக்கு ஓட்டை போட்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஹேண்டில்பாரில் மாட்டினால் காற்று ஓட்டுகிறவனை எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சேஸிஸிலேயே கிளாம்ப் போட்டார். முதல் தடவை மாட்டியபோது ஹேண்டில் பாதிதான் திரும்பியது. தகட்டை இரண்டு பக்கமும் வெட்டினார். இன்ஜின் அதிர்வில் தகடு கிடுகிடுவென்று ஆடியது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் வைத்தார். ஸ்பானர் வேண்டாம், கையாலேயே திருகும் காது வைத்த நான்கு நட்டு. இரண்டே நிமிடத்தில் கழற்றிவிடலாம். இந்த இரண்டு நிமிடத்தை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கால் பக்கத்துத் தகட்டை வளைக்கும்போது மட்டும் அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"பின்னாடி அம்மா குந்துவாங்களா சார்? அதுக்குத் தோதா ஓரத்த உள்ளாற மடிக்கணும்."

"மழையில அவ எங்க வரப்போறா? நீங்க வேலையப் பாருங்க" என்றேன்.

ஓரத்தை வெளியே பார்த்தே மடித்தார். படத்தில் அப்படித்தான் இருந்தது.

வீட்டு வாசலில் சோதனை நடந்தது. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு குடம் தண்ணீரை எதிரே நின்று வேகமாக ஊற்றச் சொன்னேன். மனைவிதான் ஊற்றினாள். தகட்டில் பட்டுத் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போனது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றதால் இன்னொரு குடம் ஊற்றச் சொன்னேன். "பாருங்க, ஒரு சொட்டு படல" என்று அவரிடம் சட்டையை உதறிக் காட்டினேன். மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சீட் நனைந்துவிட்டது என்று சொல்லிப் பின்சீட்டைத் துணியால் துடைத்தாள். அவள் சொன்னது காதில் விழுந்தது. பின்சீட்டு நனைந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அந்த ஐப்பசியில்தான் அவளுக்குத் திண்டிவனத்தில் இன்டர்வியூ வந்தது. கிறிஸ்தவ சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி. பி.எட். முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்தவள் அவள். எழுதிப் போட்ட இடத்திலெல்லாம் பதில் வராமல், கடைசியாக வந்த ஒரே அழைப்பு இது. ஒரு வாரமாகச் சமையலறையில் நின்றபடியே தனக்குள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தன்னிடமிருந்த ஒரே நல்ல பருத்திப் புடவையைக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தாள். சான்றிதழ்களை உர மூட்டைக்குள் வருகிற பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். மழையை நினைத்து ஏற்பாடு செய்தவள் அவள் ஒருத்திதான்.

காலையில் வடக்கே இருட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க, மழ கட்டிக்கினு வருது. பஸ்ஸுல போயிடலாங்க" என்றாள்.

இவ்வளவு பாடுபட்டு அந்தத் தடுப்பை எதற்கு மாட்டியிருக்கிறேன் என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். உண்மைக் காரணம் வேறு. திண்டிவனத்தில் எனக்கு ஒரு நண்பன். அவனிடமும் பழைய வண்டி ஒன்று உண்டு. நான் தகரத்தை வளைத்துக்கொண்டு கிடப்பதைக் கேள்விப்பட்டுச் சிரித்தவன். பள்ளிக்கு எதிரே உள்ள டீக்கடையில் காத்திருக்கச் சொல்லி அவனுக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தேன். பஸ்ஸில் போனால் அவனிடம் எதைக் காட்டுவது?

விக்கிரவாண்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்த ஒரு புளியமரம் இருந்தது. நிறுத்தவில்லை. பிளாஸ்டிக்கில் மழை பட்டுத் தெறிப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் ஏறியது. வேகத்தைக் கூட்டினேன். புடவை கட்டிய பெண்கள் அப்போதெல்லாம் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள். கால் இரண்டும் இடப்பக்கம், முழங்கால் வெளியே. தகட்டின் இடது ஓரம் வாரியடித்த தண்ணீர் முழுக்க நேராக அவள் மடியில் போய் விழுந்தது. என்மேல் விழவேண்டியதும் சேர்ந்து அவள்மேல் விழுந்தது. கூட்டேரிப்பட்டு பக்கத்தில் என் தோளை ஒருமுறை தொட்டாள். நான் திரும்பாமலே, "பாத்தியா, எப்படிப் போவுது" என்று கத்தினேன். அதற்குமேல் அவள் தொடவில்லை.

டீக்கடை வாசலில் நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. நண்பன் எழுந்து வந்தான். மனைவி இறங்கி, சான்றிதழ் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் புடவை முந்தானையைப் பிழிந்தாள். கஞ்சி கரைந்து புடவை காலோடு ஒட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே செம்மண். தடுப்பின் உள்பக்கம் ஒரு பை தைத்து மாட்டியிருந்தேன்; அதில் உலர்ந்த துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்தேன். எடுத்து, நண்பன் நன்றாகப் பார்க்கட்டும் என்று முன் பிளாஸ்டிக்கைத் துடைத்தேன். தகட்டையும் துடைத்தேன். ஒரு சொட்டு படல என்று அவனிடமும் சட்டையை உதறிக் காட்டினேன்.

அவன் வண்டியைப் பார்க்கவேயில்லை.

"டேய், அந்தத் துண்ட மொதல்ல அவங்களுக்குக் குட்ரா" என்றான்.

அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்து நடுங்கிக்கொண்டிருந்தாள். துண்டை நீட்டினேன். அதில் கிரீஸும் சேறும் அப்பியிருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மணி பத்தாகப் போகிறது என்று சொல்லி ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்குள் போனாள். அவள் நடந்த வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மதியம் வெளியே வந்தவள் வேறு புடவையில் இருந்தாள். வெளிர் நீலம், விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுடையதாம். அவளாகவே, பாடம் நடத்தச் சொன்னார்கள், நடத்தினேன் என்றாள். பிறகு, "நீங்க வண்டியில போங்க. நான் பஸ்ஸுல வர்றேன். இரவல் பொடவ, நனையக் கூடாது" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லி ஆறியிருப்பேன்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஒருநாள்கூட வண்டியில் வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தடுப்பை அன்றைக்கே கழற்றி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. அவள்தான் பஸ்ஸில் போகிறாளே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த மழைக்காலம் முழுக்க மாட்டிக்கொண்டே சுற்றினேன். அதற்குப் பிறகும் கழற்றவில்லை.

அடுத்த ஆண்டு பள்ளி விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அலுவலகம் முடிந்து வண்டியில் போனேன். விழா முடிந்ததும் தலைமையாசிரியையாக இருந்த மதர் எங்கள் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். மனைவியைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொண்டே வந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"இன்டர்வியூ அன்னிக்கு டீச்சர் வந்து நின்ன கோலத்த நான் மறக்கவே மாட்டேன் சார். பஸ்ஸுல ஜன்னல் ஒடஞ்சி, தொப்பலா நனைஞ்சிகினு வந்தாங்க. வீட்ல வண்டி கிண்டி இல்லியாம்மான்னு கேட்டேன். இருக்குது மதர், அவருக்கு லீவு கெடைக்கல, கெடைச்சிருந்தா நனையாம கொண்டாந்து உட்டிருப்பாருன்னு சொன்னாங்க. ஒருநாள் லீவு குடுக்காத ஆபீஸா சார் உங்களுது?"

அந்த நேரத்தில் நான் பள்ளிக்கு எதிரே, டீக்கடையில், உலர்ந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவளைப் பொய்க்காரியாக்கக் கூடாதே என்று ஒரு சாக்கும் உடனே கிடைத்தது.

"ஆமா மதர். அன்னிக்குக் குடுக்கல" என்றேன்.

மதர் உச்சுக்கொட்டினார். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்து, வாசலில் நிற்பதுதான் அந்த வண்டியா, முன்னால் என்னவோ கட்டியிருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டார். மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது மழைக்கு, மதர். அவரு மேல ஒரு சொட்டு படாது" என்றாள்.

சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அன்றும் அவள் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தாள். நான் முன்னாலேயே வந்து சேர்ந்து, வாசலிலேயே தடுப்பைக் கழற்றினேன். நான்கு நட்டு, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வரும்போது வண்டி மொட்டையாக நின்றது. பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் பஸ்ஸில்தான் போனாள்.