ரத்தத்தில் இல்லாத குறை

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. கைராசிக்காரி என்று பேர். கணவனுக்கு மட்டும் அவள் பழுதான பண்டம். "இவளுக்கு ஹார்மோன் வத்திப்போச்சு, மரக்கட்டை மாதிரி கிடக்கிறா" என்று அவன் தன் அக்காளிடம் போனில் சொல்லிச் சிரித்தது சமையலறை வரை கேட்டது.

மறுநாள், கூட வேலை செய்பவளிடம் கையை நீட்டித் தன் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். முடிவுகளைப் பார்த்த பெண் டாக்டர், "ஹார்மோன் குறைஞ்சா சிலருக்கு ஆசையும் குறையும். உங்களுக்கு எல்லாமே சரியாத்தான் இருக்கு. ஆசையே வரதில்லையா?" என்று கேட்டார்.

"வருது டாக்டர். அவர் வீட்டுக்குள்ள வந்ததும் போயிடுது."

டாக்டர் சிரிக்கவில்லை. "அவர் உங்ககிட்ட எப்படி நடந்துக்குவார்?" என்றார். அவள் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

சாயங்காலம் முடிவுகளைக் கணவன் முன் வைத்தாள். அவன் பல்லைக் குத்திக்கொண்டே புரட்டிப் பார்த்தான்.

"உங்க லேப் மிஷின்லதான் கோளாறு" என்றான்.

"அப்படின்னா உங்க ரத்தத்தையும் பார்த்துடலாம். கையைக் கொடுங்க."

"எனக்கென்ன கேடு? நான் ஆம்பளை" என்று நெஞ்சை நிமிர்த்தியவன், அவள் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்ததும் முகம் வெளுத்துக் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான்.

இந்த மனுஷனுக்காகவா இத்தனை வருஷம் தன் உடம்பை நொந்துகொண்டோம் என்று நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் படுக்கை அங்கேதான்.