மூன்றாம் கட்டுரைக்கு ஒரு வாசகர்

என் தங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த மூன்று காலையும் எண்ணித் துடைத்து, துணியில் கட்டி, தேதி எழுதி ஒட்டியும் வைத்துவிடுவாள். பிறகு நீங்கள் நாலாவது காலைக் கையோடு கொண்டுவந்து காட்டினாலும் கட்டைப் பிரிக்க மாட்டாள். குற்றம் அவளுடையது மட்டும் இல்லை, அவள் பார்க்கும் வேலை அப்படி.

ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத கூடத்தில், அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்து அனுப்பும் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறாள். கத்தரி, இடுக்கி, கத்தி எல்லாம் ரத்தத்தோடு ஒரு வாசல் வழியாக வரும். கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தட்டில் அடுக்கி, இரண்டு சுற்றுத் துணியில் கட்டி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவி இயந்திரத்தில் வேகவைத்து, காயவைத்து, இன்னொரு வாசல் வழியாக ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவார்கள். கட்டியதைத் தியேட்டரில்தான் பிரிக்க வேண்டும். நடுவில் ஒரு முனை பிரிந்தாலும் அழுக்கு, ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அழுக்கு. அழுக்கு என்றால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

கூடப் பிறந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். கல்லூரி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் தையல்காரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இடது முழங்காலில் ஓர் ஆபரேஷன் நடந்து, உள்ளே சீழ் பிடித்து, மூட்டு இறுகிப்போனது. அன்றிலிருந்து கால் மடங்குவதில்லை. அப்போதே அவள் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். வலது கால் நன்றாக இருக்கிறது, மோட்டார் மிஷினுக்கு அது போதும். அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறார். வாய் திறந்தால் கேலிதான், மற்றபடி தங்கமான மனிதர்.

அவளுடைய பிரிவுக்குப் பொறுப்பாளராக மூன்று பேர் வந்து போனார்கள். மூன்று பேருக்கும் வேலை கற்றுக் கொடுத்தவள் இவள். அவர்களிடம் பட்டயம் இருந்தது, இவளிடம் இல்லை. மூன்றாவது ஆள் வந்த அன்று சாயங்காலம் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, கல்லூரியில் சேரப்போகிறேன் என்றாள். கணினி வழியாக வீட்டிலிருந்தே படிக்கிற படிப்பு. ஒன்பது பாடத்தை ஆறு வருஷத்தில் தலையால் தண்ணீர் குடித்து முடித்தாள். பாக்கி ஒன்றே ஒன்று, கட்டுரை எழுதும் பாடம். ஏழு வருஷத்துக்குள் பத்தையும் முடிக்காவிட்டால் முடித்த ஒன்பதும் செல்லாது என்பது கல்லூரியின் விதி.

அந்தப் பாடத்தில் முதல் தடவை சேர்ந்து நான்காம் வாரமே கழன்றுகொண்டாள். மற்ற பாடங்களுக்கெல்லாம் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினால் போதும். இதுவும் அப்படித்தான் என்று, நேரம் கிடைக்கும்போது உட்காரலாம் என நினைத்துவிட்டாள். நேரம் யாருக்குக் கிடைக்கிறது? அது என்ன ரோட்டில் கிடக்கிற பொருளா? வாரத்துக்கு இரண்டு பாடம் படிக்க வேண்டும், கூடப் படிக்கிறவர்கள் எழுதியதற்குப் பதில் எழுத வேண்டும், கட்டுரைக்குக் குறிப்பு எடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தலையில் விழுந்தது.

இரண்டாவது தடவைதான் கடைசித் தடவை. இந்த முறை வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கும்போதே ஆயத்தமானாள். பாடத்திட்டத்தை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நாளைக்கு எட்டு மணிக்கு ஆபரேஷன் என்றால் கட்டு எத்தனை மணிக்குத் தயாராக வேண்டும், அதற்கு எப்போது கழுவ வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடுவதுதான் அவள் தொழில். அதே கணக்கை இதற்கும் போட்டாள். காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை எழுத்து. பேருந்தில் போகும்போது போனில் பாடம். மதிய இடைவேளையில் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பதில். தட்டச்சு இரண்டு விரலில்தான் வரும் என்பதால் அதற்குத் தனியாகப் பதினைந்து நிமிஷம். ஃப்ரிட்ஜைத் திறக்கிறபோதெல்லாம், "சாம்பாருக்கு எத்தனையாவது வாரம் போட்டிருக்கு?" என்று அவள் கணவர் கேட்பார். அவள் சிரிக்க மாட்டாள், ஆனால் அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூடத் தவறவும் இல்லை.

தவறியது வேறு இடத்தில். அந்தப் பாடத்தில் ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு தடவை கொடுக்க வேண்டும். முதலில் ஒரு வரைவு. ஆசிரியை அதைப் படித்துக் குறிப்பு எழுதி அனுப்புவார். அதைப் பார்த்துத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். பாதி மதிப்பெண் திருத்தத்துக்குத்தான். இவள் என்ன செய்தாள் தெரியுமா? முதல் கட்டுரைக்கும் இரண்டாம் கட்டுரைக்கும், வரைவாகக் கொடுத்ததையே ஒரு புள்ளிகூட மாற்றாமல் திரும்ப அனுப்பிவிட்டாள். அதையும் நாலு நாள் முன்கூட்டியே. திருத்தத்துக்கு இரண்டு தடவையும் பூஜ்யம் வந்தது.

எனக்குத் தெரிந்ததும் காய்ச்சிவிட்டேன். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், சரிபார்த்துத்தானே மூடினேன், மூடியதைத் திறந்தால் கெட்டுப்போகும் என்கிறாள். இருபத்தாறு வருஷப் புத்தி. நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை எடுத்து அவள் முன்னால் போட்டேன். பிரிக்காமல் தைத்த துணி என் வாழ்நாளில் ஒன்று உண்டா என்று கேட்டேன். பிரித்துத் தைப்பதுதான் தையலே, அதற்கு வெட்கப்பட்டால் நான் என்றைக்கோ கடையை மூடியிருப்பேன் என்றேன். அரை மணி நேரம் விடாமல் பேசினேன். கடைசியில் மூன்றாம் கட்டுரையைக் கட்டாயம் திருத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். அதில் நல்ல மதிப்பெண் வந்தால்தான் தேறுவாள், இல்லையென்றால் ஏழு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்புதான்.

மூன்றாம் கட்டுரையின் தலைப்பு, வேலையில் நீங்கள் எடுத்த ஒரு முடிவு. அவள் வரைவில் கருவிகளை எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது, ஈரக் கட்டை ஏன் அனுப்பக் கூடாது என்று நான்கு பக்கம் இருந்தது. ஆசிரியை இரண்டே வரி எழுதியிருந்தார்: விதிகளை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்த முடிவு எது என்று இதில் இல்லை.

அந்தக் குறிப்பு வந்த பிறகு ஆறு நாள் அவள் கட்டுரையைத் தொடவில்லை. ஐந்தரைக்கு எழுந்து மடிக்கணினியைத் திறப்பாள், ஆறேகாலுக்கு மூடுவாள். சோம்பல் என்று நினைத்து நானும் குத்திக்கொண்டே இருந்தேன். ஏழாம் நாள் சனிக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதினாள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வகுப்புக்கு வெளியே உள்ள ஒருவர் கட்டுரையைப் படித்து, அடியில் உள்ள கட்டத்தில் தன் கருத்தை எழுதினால்தான் கல்லூரி ஏற்றுக்கொள்ளும்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட கொடேன், அவருக்கு நாளைக்குத்தானே டியூட்டி?" என்றேன்.

"இல்லக்கா. இதை நீதான் படிக்கணும்" என்றாள்.

படித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான், வெட்டச் சொன்னவளும் நான்தான்.

அவள் எழுதியிருந்தது இது. அன்று தியேட்டரில் இரண்டாவது ஆபரேஷன் என் அக்காவுக்கு. அவளுக்கான கட்டை நானே கட்டுகிறேன் என்று மற்றவர்களிடம் கேட்டு வாங்கினேன். இயந்திரத்திலிருந்து எடுத்தபோது கட்டின் ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது. விதிப்படி எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும். தியேட்டரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. தாமதமானால் ஆபரேஷனைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். அக்கா முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. நான் மேலே போய்ப் பார்த்தபோது தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, பயமாக இருக்கிறது, சீக்கிரம் முடியட்டும் என்று என் கையைப் பிடித்தாள். நான் அந்த மூலையை விசிறிக்கு முன்னால் பிடித்துக் காயவைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நான்காம் நாள் காயத்தில் சீழ் வந்தது. ஆறு நாள் காய்ச்சல். அக்காவின் கால் பிறகு மடங்கவில்லை. அந்தக் கட்டினால்தான் இப்படி ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்று என்னாலும் சொல்ல முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் மிஷின் இருக்கும் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அவள் எனக்குச் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. குளியலறையில் வழுக்காத தரை போட்டது. தினமும் வேலை முடிந்து வந்து என் காலை மடியில் வைத்து நீவி விடுவது. படியில் நான் இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு படி கீழே அவள் இறங்குவது. இப்படி ஒரு தங்கை யாருக்கு வாய்க்கும் என்று நான் துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். கால் போனதைவிட, அந்தப் பெருமை போனதுதான் அப்போது அதிகமாக வலித்தது.

அவள் வந்து கதவருகே நின்றாள். உள்ளே வரவில்லை. நான் திரும்பாமலே கேட்டேன்.

"இத்தனை வருஷம் என் காலுக்கு நீ செஞ்சதெல்லாம் அக்காங்கிறதுக்காகவா, இல்ல அந்த ஈரக் கட்டுக்காகவா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் நம்பியும் இருப்பேன்.

"ரெண்டையும் தனித்தனியா எனக்குப் பார்க்கத் தெரியலக்கா" என்றாள். பிறகு, "அந்தக் கட்டத்துல நீ எழுதித்தான் ஆகணும்னு இல்ல. எழுதலைன்னா நான் அனுப்பலை. பழையதையும் அனுப்ப மாட்டேன், அது பொய்" என்றாள்.

ஏழு வருஷத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சியிருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருந்தால் நானும் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் அவள் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மூன்றரை வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. அவள் கணவர் தூங்கி எழுந்து வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கேலி எதுவும் பேசாமல் வெளியே போனார்.

ஆத்திரத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று முள்ளாய் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் எழுதியதில் எதுவோ சரியில்லை. முக்கியமான ஓர் இடத்தில் துணி குறைந்தால் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். என்னவென்று புரிந்ததும் எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். மடிக்கணினியை இழுத்து, அந்தக் கட்டத்தில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். எனக்கு அது புதுசு, முடிக்க நாலரை மணி ஆகிவிட்டது. மன்னித்தாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், இன்றைக்குக் கேட்டாலும் முழுசாக இல்லை என்றுதான் சொல்வேன்.

வாசகர் கருத்து என்ற கட்டத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்:

"நான் இந்தக் கட்டுரையில் வரும் அக்கா. இதில் பிழை இருக்கிறது. காய்ச்சல் ஆறு நாள் இல்லை, ஒன்பது நாள். ஒன்பது நாளும் இதை எழுதியவள் பகலில் வேலை பார்த்துவிட்டு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக் கிடந்தாள். அதை அவள் எழுதாமல் விட்டுவிட்டாள். சேர்க்கச் சொல்லுங்கள்."

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினேன். படித்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அரை மணி இருக்கு. அப்புறம் அழலாம், முதல்ல அதைச் சேர்த்து எழுது" என்றேன்.