எருமைக்கார அத்தை ஊற்றிய தண்ணீர்

எருமைக்கார அத்தை எங்களுக்கு உறவு கிடையாது. மயிலாப்பூரில் எங்கள் சந்துக் கோடியில் இரண்டு எருமை வைத்துப் பால் விற்றுக்கொண்டிருந்தவள். அந்த எருமைகளுக்கும் அவளைப் போலவே யாருக்கும் வழிவிடுகிற பழக்கம் இல்லை. லஸ் முனையில் அவை பாட்டுக்கு நின்றுகொள்ளும். டிராம்காரன் மணியடித்தே ஓய்ந்துபோவான். அத்தை நிதானமாக வந்து, "இன்னா அவசரம்? உன் வண்டி தண்டவாளத்த வுட்டு எங்கனா ஓடிப்பூடுமா?" என்பாள்.

எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது வேறு. கிறிஸ்தவ வேதம் படித்தவர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். படட்டும். எண்பதைத் தாண்டியவனை யார் என்ன செய்ய முடியும்?

எங்கள் மாதா கோவிலில் பெண்கள் சபை ஒன்று இருந்தது. கன்னியாஸ்திரீகள் இல்லை, வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் உள்ளவர்கள்தான். கழுத்தில் நீல நாடா, அதில் மாதா பதக்கம். பங்கில், அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில், யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சாவு, யார் புருஷன் ஓடிப்போனான் என்று விசாரித்து இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். கஞ்சி வைப்பார்கள், அழுக்குத் துணி அலசுவார்கள், கடைசியில் முட்டி போட்டு ஜெபம் சொல்வார்கள். சபையில் இருந்த அத்தைக்கு நீளமாக ஜெபம் சொல்ல வராது. கஞ்சி நன்றாக வைப்பாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் அது. அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தார். அம்மாவுக்கு மாசம் நிறைந்திருந்தது. மருத்துவச்சி ஊரைவிட்டுப் போய்விட்டாள். சபைப் பெண்களும் போய்விட்டார்கள். அத்தையோடு ஜோடியாக வருகிறவள் செங்கல்பட்டுக்கு மாட்டுவண்டி ஏறிவிட்டாள். தனியாக யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்பது சபைச் சட்டம். அத்தை தனியாகவே வந்தாள். "ஓடிப்போனவளுக்கு இன்னா கஷ்டம்? இங்க கீறவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள்.

ஒரு நாள் காலையில் வலி எடுத்ததும் அத்தையைக் கூட்டிவர அம்மா என்னை அனுப்பினாள். அத்தை பால் கறந்த செம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். நாங்கள் வருவதற்குள் பாப்பா பிறந்து அம்மா பக்கத்தில் கிடந்தது. நீலமாக இருந்தது. அத்தை அதைத் தூக்கி முதுகில் தட்டினாள். வாயில் ஊதினாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். வெகு நேரம். பிறகு மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா" என்றாள் அம்மா.

அத்தை எழுந்து பானையில் தண்ணீர் மொண்டு பாப்பாவின் தலையில் ஊற்றினாள். பிதா, சுதன் என்று வாய்க்குள் சொன்னாள். குளிப்பாட்டுகிறாள் என்று நான் நினைத்தேன்.

பங்குச் சாமியார் சைதாப்பேட்டைக்குப் பூசை வைக்கப் போயிருந்ததால், அவர் இல்லாதபோது கோவில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் வந்தார். நல்ல மனுஷர். ஆனால் சட்டத்துக்குப் பயந்தவர். தலையில் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்கிற ஞானஸ்நானம் வாங்காத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கக்கூடாது என்று அப்போது இருந்தது. சுவருக்கு வெளியே முள்ளுக்காட்டில் புதைப்பார்கள். மணி கிடையாது, ஜெபம் கிடையாது.

அம்மா துணியில் சுற்றிய பாப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டாள். "செவுத்துக்கு அந்தாண்ட பொதைக்க வுட மாட்டேன். நாய் இஸ்த்துகினு போற எடம் அது. இத எடுக்கணும்னா என்னியும் சேத்து எடுத்துகினு போய் பொதை."

"சட்டம் நான் போட்டதாம்மா? ஞானஸ்நானம் இல்லாம உள்ள கொண்டுபோனா சாமியார் என்னைத்தானே கேப்பார்?"

"இல்லேன்னு உன்கிட்ட யாரு சொன்னது?" என்றாள் அத்தை. "நான் ஊத்திட்டேன்."

சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும்.

"ஊத்தறப்போ உசுரு இருந்துதா?"

"பொணத்துக்கு ஊத்த நான் இன்னா பைத்தியமா?"

"ரெண்டு பேரா போகணும்னு சட்டம் இருக்கே. கூட யாரு இருந்தா?"

"கூட வர்றவ செங்கல்பட்டுல கீறா. போய் இட்டுகினு வா."

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அத்தை தண்ணி ஊத்தினாங்களா?"

"ஊத்துனாங்க" என்றேன். உண்மைதானே.

"அப்போ பாப்பா அழுதாளா?"

நான் யோசித்தேன். வாயைத் திறப்பதற்குள் அத்தை எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பச்சப் புள்ளைய இன்னாத்துக்கு கோர்ட்டுல ஏத்துற? என்ன கேளு. பொய்யின்னா நரகத்துக்கு நான்தான போப்போறேன்? உன்ன இன்னா தொணைக்கா கூப்டுறேன்?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். "சரி, என்ன பேரு வச்சீங்க?"

அத்தை ஒரு நொடி திகைத்தாள். அப்புறம், "ஆரோக்கியம்" என்றாள்.

அம்மா அந்தப் பேரை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவள் கை தளர்ந்தது.

பாப்பாவை உள்ளேதான் புதைத்தார்கள். மணி அடித்தது. அத்தைதான் கையில் ஏந்திக்கொண்டு போனாள். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல நினைக்கிறவன் என் எதிரில் வந்து சொல்லட்டும்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை வாங்க, எல்லாரும் எழுந்து போவார்கள். அத்தை மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பாள். வருஷக்கணக்காக அப்படித்தான். ஆனால் சீக்காளிகள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவதை விடவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா காரணம் சொன்னாள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் ரகசியமாகச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் அத்தை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அங்கே கேட்டதை அவர் வெளியே சொல்லக்கூடாது, அதனால் பாப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் செய்ததற்கு வருத்தப்பட்டால்தான் மன்னிப்பு. மன்னிப்பு இருந்தால்தான் நன்மை. "செஞ்சத சொல்லிட்டேன் சாமி. தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன். நாளைக்கே இன்னொண்ணு அப்படி கெடந்தா அதுக்கும் ஊத்துவேன்" என்றாளாம். சாகிறவரைக்கும் தப்பென்று சொல்லவில்லை.

சின்னப் பையனாக இருந்தபோது எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நன்மை வாங்குகிறவர்கள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது மட்டும்தான் தெரியும். பால்காரி, விடிந்ததும் காப்பி இல்லாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு நாளு காப்பி குடிக்காமத்தான் வாயேன் அத்தை."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "முடியலடா நைனா" என்றாள்.

எனக்குப் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷியால் ஒரு வாய் காப்பியை விட முடியவில்லையே என்று.