நைட்டி மூட்டையோடு போன உதவி மையம்

அக்காள்மடம் என்கிற ஊரில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தோம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் போவது, அவள் பேசினால் கேட்பது, பேசாவிட்டால் பக்கத்தில் சும்மா இருப்பது. அவ்வளவுதான் வேலை. எங்கள் மூவருக்குமே அது நேர்ந்திருக்கிறது. அப்போது கூட வர ஆள் இல்லை.

வாசலில் பெரிய பலகை மாட்டினோம். எதிரே பஸ் நிறுத்தம். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். உள்ளே மட்டும் ஒருத்தியும் வரவில்லை. வந்தால் ஊருக்கே தெரிந்துவிடுமே. ஒரே ஒருவர் வந்தார், அவரும் ஜெராக்ஸ் எடுக்க.

எங்களில் மூத்தவர் மீன் விற்கும் அக்கா. பலகையைக் கழற்றி அதன்மேல் கருவாடு காயப்போட்டார். "அவளுக இங்கன வரமாட்டாளுக. நாமதான் போகணும்" என்றார்.

போவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆறாவதோடு பள்ளியை விட்டவள் நான். இறால் கம்பெனி, செங்கல் சூளை, திருப்பூர் பனியன் என்று எங்கேயும் நிலைக்காமல் சுற்றி, கடைசியில் ஊர் ஊராக நைட்டி விற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஒரு நைட்டியை உதறி விரித்தால் போதும், வீட்டு ஆண்கள் தாமாகவே டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எதையும் பேசலாம்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக்கும் அப்படித்தான் போனேன். அங்கே ஒரு பெண்ணை உறவுக்காரன் ஒருவன் பலாத்காரம் செய்திருந்தான். அவனுக்கே அவளைக் கட்டிவைப்பதென்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, அவள் போனையும் பிடுங்கி வைத்திருந்தார்கள். அவளுடைய சிநேகிதிதான் எங்களுக்குத் தகவல் சொன்னாள்; நைட்டிக்காரியாக நான் வருவேன் என்று அவள் காதிலும் போட்டுவைத்திருந்தாள்.

அவள் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போய், அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் முன்னால் ரோஜாப்பூ போட்ட நைட்டியை உதறினேன். அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மட்டும் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகு எங்கள் பக்கம். காது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அவள் அம்மா திடீரென்று, சாயம் போகுமா, ஜிப் நிற்குமா என்று சத்தமாக என்னோடு மல்லுக்கு நின்றார். நானும் விடவில்லை. அந்த இரைச்சலுக்குள் மகள் என் காதோரம் வந்தாள்.

"அவனைக் கட்ட மாட்டேன்க்கா. கேஸ் குடுக்கணும். கூட வாரீகளா?"

தலையாட்டினேன். அதைப் பார்த்ததும் அம்மா வாசல் பக்கம் குரலை உயர்த்தினார். "இது அவளுக்கு அளவு சேரலையாம். ராமநாதபுரம் போயி மாத்திட்டு வாரோம்."

நைட்டிக்கு ஏது அளவு? எல்லாம் ஒரே சாக்குதான்; இவளைப் போல இரண்டு பேர் அதற்குள் நுழையலாம். ஆண்களுக்கு அதெல்லாம் தெரியாது என்று நம்பி மூட்டையைக் கட்டினேன்.

அவள் அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அவ ஆதார் கார்டையும் எடுத்துக்கங்க" என்றார்.

நைட்டி மாற்ற ஆதார் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா, மகள், நான் மூவரும் பஸ்ஸைப் பிடித்தோம். காவல் நிலையத்தில் புகாரை அவளே சொன்னாள்.