மூன்று தடவை எண்ணிய நீலம்

மொட்டை மாடியில் மகன் சோலார் தகடுகள் போட்டிருக்கிறான். பன்னிரண்டு. கரண்ட் எவ்வளவு வருகிறதென்று போனிலேயே தெரியுமாம், எனக்கு நம்பிக்கையில்லை. தினமும் இருபத்திரண்டு படியேறி, தகடுகளை எண்ணி, காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டு வருகிறேன்.

"அதைய ஆரு மாமா தூக்கீட்டுப் போறாங்க? வெயிலேறுது, கீழ வாங்க" என்று மருமகள் சத்தம் போடுகிறாள்.

இன்று ஈரத்துணியைச் சுடுதரையில் போட்டேன். எழுந்த வாடை என்னை நேராக வீரபாண்டிக்குக் கொண்டுபோய்விட்டது. இளவயதில் அங்கே ஒரு சாயப்பட்டறையில், துணி எண்ணும் வேலையில் சேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் காய வைப்பது வெயில்தான். பனியன் துணியைப் பட்டறையை ஒட்டிய காட்டில், வெட்டவெளியில், நீளநீளமாக விரிப்பார்கள். வெள்ளை எவ்வளவு நேரமும் கிடக்கலாம். சாயத்துணியை மட்டும் ஈரம் போனதும் எடுத்துவிட வேண்டும்.

அன்று கருநீலம், நூற்று நாற்பது துண்டு. எண்ணினால் ஒன்று குறைந்தது. கணக்கு நேராகாமல் ஒருவரும் தொடக்கூடாது என்றேன். மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவையும் ஒன்று குறைந்தது. உச்சிவெயில் வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, இதைய எண்ணுனயா?" காயப்போடும் ரங்கம்மாக்கா வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த கருநீல ஈரத்துண்டை எடுத்து நீட்டினார். கூடக் காயப்போடும் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி ஒரு துண்டைப் புரட்டினேன். அடிப்பக்கம் கருநீலம், மேல்பக்கம் வெளுத்த நீலம். அத்தனையும் அப்படியே. சாயங்காலம் முதலாளி வந்தால் வேலை போய்விடும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவாத. அத்தனையும் திருப்பிப் போடு. மேல் பக்கம் வாங்குன வெயிலைக் கீழ்ப் பக்கமும் வாங்கட்டும்" என்றார் அக்கா.

திருப்பிப் போட்டோம். இனி வெயில் பார்த்துக்கொள்ளும். வேப்பமரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்து கம்பஞ்சோறு தின்றேன். எத்தனை உருண்டை என்று நினைவில்லை.

முதலாளி வந்து துணியை இருபுறமும் புரட்டினார். "எத்தன தடவ எண்ணுனே?"

"மூணு தடவைங்க."

ரங்கம்மாக்காவை ஒரு பார்வை பார்த்தார். "செரி, ஆகாச நீலம்னு எழுதிக்க."

இன்று டிரையரில் துணி ஒருபுறம் ஈரமாகப் போய் மறுபுறம் காய்ந்து வருகிறது. அந்தக் காட்டில் ஆறு கம்பெனிகள். வேலை முன்னைவிடச் சுத்தம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்போதெல்லாம் துணி காயும்வரை முதலாளியே வந்தாலும் எங்களை அவசரப்படுத்த முடியாது. அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரம், இந்த ஆறு கம்பெனிகளில் ஒன்றிலும் இல்லை.